நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கை: கொல்கத்தாவை வைத்து முக்கியக் குறிப்புகள்

(செபி, ரிசர்வ் வங்கி, குடிமைப் பணி, டிஎன்பிஎஸ்சி தேர்வர்களுக்கு)

இந்தப் பாடத்தை ஆண்டுகளின் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள் தேர்வறையில் குழம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு விதியையும் "எதுவரை?" என்று கேட்டுப் படியுங்கள். எத்தனை நிறுவனங்கள் வரை? எந்த ஆண்டு வரை? யாருடைய புகை வரை? இந்தக் கேள்விக்குக் கொல்கத்தா நல்ல பாடநூல். நாட்டின் நிலக்கரியில் பெரும்பகுதியைத் தோண்டும் நிறுவனத்தின் தலைமையகமும், 'நாங்கள் வெளியேற்றுவதைவிட அதிகமாகக் கரியை ஈர்க்கிறோம்' என்று சொல்லும் நிறுவனத்தின் தலைமையகமும், நகரத்தின் கழிவுநீரில் மீன் வளர்க்கும் ஈரநிலமும் அருகருகே இருக்கும் ஊர் அது.

அடிப்படை

• நிலைத்தன்மை அறிக்கை: ஒரு நிறுவனம் லாப நட்டக் கணக்குக்கு வெளியே, ஓராண்டில் எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் செலவழித்தது, எவ்வளவு புகையும் கழிவும் வெளியேற்றியது, தொழிலாளர்களை எப்படி நடத்தியது, யார் மேற்பார்வையில் நடந்தது என்பதை எண்களோடு சொல்லும் கணக்கு. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இஎஸ்ஜி.

• அரசியலமைப்பு வேர்: பிரிவு 48-அ (அரசின் கடமை), பிரிவு 51-அ(ஜி) (குடிமக்களின் கடமை). இரண்டும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் வந்தவை.

• நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 166(2): இயக்குநர் பங்குதாரர்களின் நலனோடு ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருதிச் செயல்பட வேண்டும். பலரும் படிக்காமல் விடும் பிரிவு இது. விரிவான விடையில் இதை எழுதினால் விடைக்குச் சட்ட வலு கிடைக்கும்.

விதி வளர்ந்த வரிசை

• 2011 ஜூலை: நிறுவன விவகார அமைச்சகத்தின் தேசிய தன்னார்வ வழிகாட்டுதல்கள். நெறிகள் 9.
• 2012 ஆகஸ்ட்: செபி, சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு 'வணிகப் பொறுப்பு அறிக்கை'யைக் கட்டாயமாக்கியது. பின்னர் இது 500 நிறுவனங்களுக்கும், 2019 டிசம்பரில் 1000 நிறுவனங்களுக்கும் விரிந்தது.
• 2019 மார்ச்: தன்னார்வ வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டு, 'பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டுதல்கள்' ஆயின. நெறிகள் அதே 9.
• 2021 மே 10: செபியின் சுற்றறிக்கை. 'வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை', சுருக்கமாக பிஆர்எஸ்ஆர், பிறந்தது. 2021-22-இல் விருப்பம்; 2022-23 தொடங்கி முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயம்.
• 2023 ஜூலை 12: பிஆர்எஸ்ஆர் கோர். முக்கியமான எண்களை மட்டும் பிரித்தெடுத்து, வெளியாள் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்ற ஏற்பாடு.
• 2025 மார்ச் 28: மதிப்புச் சங்கிலி விவரங்களுக்குத் தளர்வு (கீழே பார்க்க).

முதல் 1000 என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முன்பு மார்ச் 31 அன்றைய சந்தை மதிப்பு. 2024 டிசம்பர் 31 முதல், ஜூலை 1 தொடங்கி டிசம்பர் 31 வரையிலான சராசரி மதிப்பு. ஒருமுறை பட்டியலுக்குள் வந்த நிறுவனம், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெளியே இருந்தால்தான் கடமையிலிருந்து விடுபடும். ஒரு நாள் விலை சரிந்ததைக் காட்டித் தப்பிக்க முடியாது. நல்ல மாற்றம் இது.

• பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே இந்த விதி. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-இல் தனிச் சட்டத்தால் அமைந்தது, தலைமையகம் கொல்கத்தா, அனல் மின் நிலையங்கள் பல உண்டு. ஆனால் அதன் பங்குகள் சந்தையில் இல்லாததால் பிஆர்எஸ்ஆர் கட்டாயம் அதைத் தொடாது. பெரிய புகைபோக்கி இருந்தால் பிஆர்எஸ்ஆர் உண்டு என்று எழுதிவிடாதீர்கள்.

அறிக்கையின் உள்ளே

• பகுதி அ: பொது விவரங்கள். பகுதி ஆ: மேலாண்மையும் நடைமுறையும். பகுதி இ: நெறிவாரியான செயல்பாடு.
• குறியீடுகள் இரு வகை. அத்தியாவசியக் குறியீடுகள் கட்டாயம். முன்னோடிக் குறியீடுகள் விருப்பம்.
• ஒன்பது நெறிகள்: 1. நேர்மை, வெளிப்படைத்தன்மை. 2. பாதுகாப்பான, நிலைத்த பொருள்களும் சேவைகளும். 3. ஊழியர் நலன். 4. தொடர்புடைய எல்லாத் தரப்பினரின் நலன். 5. மனித உரிமை. 6. சுற்றுச்சூழல். 7. கொள்கை உருவாக்கத்தில் பொறுப்பான பங்கு. 8. அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி. 9. நுகர்வோர்.

ஆறாவது நெறிக்கு மட்டும் சுற்றுச்சூழல் என்று பெயர். மற்றவை பெரும்பாலும் மனிதர்களையும் நேர்மையையும் பற்றியவை. 'நிலைத்தன்மை என்றால் மரம் நடுவது' என்ற எண்ணத்தோடு விடை எழுதுபவர் முக்கால் பங்கு மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்.

• பிஆர்எஸ்ஆர் கோரிலும் கூறுகள் ஒன்பதுதான், ஆனால் வேறு ஒன்பது: பசுமை இல்ல வாயு, தண்ணீர், எரிசக்தி, கழிவு மறுசுழற்சி, ஊழியர் நலனும் பாதுகாப்பும், பாலினப் பன்மை, உள்ளடக்கிய வளர்ச்சி, வாடிக்கையாளர்–வழங்குநர் நியாயம், வணிகத் திறந்த தன்மை.
• இவற்றை அளக்கும் விதம் கவனிக்கத்தக்கது. பாலினப் பன்மைக்கு, மொத்தச் சம்பளத்தில் பெண்களுக்குப் போனது எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். வழங்குநர் நியாயத்துக்கு, பாக்கிப் பணத்தைத் தர எத்தனை நாள் ஆகிறது என்று கேட்கிறார்கள். ஹவுராவில் பட்டறை வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு இந்த ஒரு எண் பத்துப் பக்கக் கொள்கை விளக்கத்தைவிட மேல்.
• வாயு வெளியேற்றத்தை வருவாயோடு வகுத்துச் செறிவாகவும் காட்ட வேண்டும். வாங்கும் சக்திச் சமநிலைக்கு ஏற்பத் திருத்திய வருவாயோடும் காட்ட வேண்டும். பிற நாட்டு நிறுவனங்களோடு ஒப்பிட இது தேவை.

• நியாயமான உறுதிச் சான்று கட்டாயமாகும் படிகள்: 2023-24-இல் முதல் 150 நிறுவனங்கள், 2024-25-இல் முதல் 250, 2025-26-இல் முதல் 500, 2026-27-இல் முதல் 1000. இப்போது சான்று என்ற சொல்லோடு 'மதிப்பீடு' என்ற மாற்று வழியும் விதியில் உண்டு. சான்று தருபவர் பட்டயக் கணக்காளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தகுதியும், நிறுவனத்தோடு நலன் மோதல் இல்லாமையும்தான் நிபந்தனை.

• மதிப்புச் சங்கிலி (நிறுவனத்துக்கு விற்பவர்களும் அதனிடம் வாங்குபவர்களும்): முதல் 250 நிறுவனங்களுக்கு. கொள்முதலிலோ விற்பனையிலோ மதிப்பில் 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கூட்டாளிகள் மட்டும் கணக்கு. மொத்தத்தில் 75 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 2025-26 முதல், அதுவும் விருப்பத்தின் பேரில்.

சிஎஸ்ஆர் வேறு, பிஆர்எஸ்ஆர் வேறு

சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) செலவு பற்றியது. பிஆர்எஸ்ஆர் சொல்வது பற்றியது. நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு ₹500 கோடி, விற்றுமுதல் ₹1000 கோடி, நிகர லாபம் ₹5 கோடி இவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டினாலே சிஎஸ்ஆர் பொருந்தும். முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆலைக் கழிவை ஆற்றில் விட்டுவிட்டு ஊரில் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தால் சிஎஸ்ஆர் கணக்கு நேராகலாம். பிஆர்எஸ்ஆரின் ஆறாவது நெறியில் அந்தக் கழிவு எண்ணாக நின்றே தீரும்.

யாருடைய புகை? வரம்பு 1, 2, 3

வாயு வெளியேற்றத்தை மூன்று வரம்புகளாகப் பிரிக்கிறார்கள். வரம்பு 1: நிறுவனம் தானே எரிப்பது. வரம்பு 2: வாங்கிய மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிந்தது. வரம்பு 3: வழங்குநர் முதல் வாடிக்கையாளர் வரை மற்ற எல்லாம், இதில் 15 வகைகள்.

கொல்கத்தா நகருக்கு மின்சாரம் தரும் சிஇஎஸ்சி 1897-இல் தொடங்கிய நிறுவனம். அதன் பஜ் பஜ் அனல் மின் நிலையத்தில் தலா 250 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள். அங்கே எரியும் நிலக்கரி சிஇஎஸ்சிக்கு வரம்பு 1. அந்த மின்சாரத்தை வாங்கும் சௌரங்கி அலுவலகத்துக்கு அதே புகை வரம்பு 2. பவர் கட் நேரத்தில் அந்த அலுவலகம் ஓட்டும் டீசல் ஜெனரேட்டர் அலுவலகத்தின் வரம்பு 1.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நமது பயிற்சிக்கானவை. அலுவலகம் ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் மின்சாரம் வாங்குகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால் 700 டன். ஜெனரேட்டருக்கு 10,000 லிட்டர் டீசல். லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ, ஆக 27 டன். ஜன்னலுக்கு வெளியே கண்ணெரிய வைக்கும் ஜெனரேட்டர் 27 டன், கண்ணில் படாத பஜ் பஜ் 700 டன். எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

கோல் இந்தியா: 1975 நவம்பரில் உருவானது, தலைமையகம் கொல்கத்தா நியூ டவுனில் உள்ள கோல் பவன், 2011 முதல் மகாரத்னா. 2023-24-இல் சுமார் 774 மில்லியன் டன், 2024-25-இல் சுமார் 781 மில்லியன் டன் உற்பத்தி. (நெய்வேலி என்எல்சி இதன் துணை நிறுவனம் அல்ல; அது 1956-இல் தொடங்கிய தனி நிறுவனம். தமிழகத் தேர்வர்கள் அதிகம் தவறும் இடம்.) சுரங்கத்தில் ஓடும் லாரியின் டீசலும் கசியும் மீத்தேனும் கோல் இந்தியாவின் வரம்பு 1. ஆனால் வெட்டிய நிலக்கரி முழுவதும் வாங்கியவரின் கொதிகலனில் எரிகிறது. அது கோல் இந்தியாவுக்கு வரம்பு 3, 'விற்ற பொருளின் பயன்பாடு' என்ற வகை. பிஆர்எஸ்ஆரில் வரம்பு 1, 2 அத்தியாவசியக் குறியீடு. வரம்பு 3 முன்னோடிக் குறியீடு மட்டுமே. ஆகவே நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி நிறுவனம் தன் பொருளின் முக்கிய விளைவைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் விதியில் இல்லை. இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. 'பிஆர்எஸ்ஆரை விமர்சன நோக்கில் ஆராய்க' என்று கேட்டால் இங்கிருந்து தொடங்குங்கள்.

வங்கிகளுக்கு வரம்பு 3-இன் 15-ஆவது வகை, அதாவது முதலீடுகளும் கடன்களும், கனமானது. யூகோ வங்கி, பந்தன் வங்கி இரண்டின் தலைமையகமும் கொல்கத்தா. வங்கிகளின் காலநிலை அபாய வெளிப்பாட்டுக்கான ரிசர்வ் வங்கியின் வரைவு 2024 பிப்ரவரியில் வந்தது.

ஐடிசி: ஒரு கூற்றை எப்படிப் படிப்பது?

• 1910 ஆகஸ்ட் 24-இல் கொல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் தொடக்கம். சௌரங்கியில் வர்ஜினியா ஹவுஸ் தலைமையகம்.
• முதல் நிலைத்தன்மை அறிக்கை 2004-இல். செபி கேட்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே.
• நிறுவனத்தின் கூற்றுகள்: 2002-03 முதல் தண்ணீரில், 2005-06 முதல் கரியில், 2007-08 முதல் திடக்கழிவு மறுசுழற்சியில் 'பாசிட்டிவ்', அதாவது தண்ணீரில் எடுப்பதைவிடக் கொடுப்பது அதிகம், கரியில் வெளியேற்றுவதைவிட ஈர்ப்பது அதிகம். வரிசை: தண்ணீர், கரி, கழிவு.
• கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் உள்ள ஐடிசியின் அட்டைக் காகித ஆலை, தண்ணீர்ப் பொறுப்புக்கான உலகக் கூட்டமைப்பின் பிளாட்டினம் சான்றை 2019-இல் பெற்றது. இந்தியாவில் முதல் ஆலை. பவானி ஆற்றுப் படுகையில் தண்ணீர் எவ்வளவு அருமை என்பது நமக்குத் தெரியும்.

'கரி பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டவுடன் எதுவரை என்று கேளுங்கள். நிறுவனத்தின் தோட்டங்கள் ஈர்த்த கரி ஒருபக்கம் சேருகிறது. மறுபக்கம் எந்த வரம்பு வரை எண்ணப்பட்டது? சிகரெட், காகிதம், உணவுப்பொருள் என்று பல தொழில்கள் கொண்ட குழுமத்தில் எல்லா ஆலைகளும் உள்ளே வருகின்றனவா? இப்படிக் கேட்பது ஐடிசியைக் குறை சொல்வதாகாது. இருபது ஆண்டுகளாக எண்களைத் தொடர்ந்து வெளியிட்டதால்தான் இப்படிக் கேட்கவே முடிகிறது. தவறான பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. ஆதாரம் இல்லாமல் 'பசுமை', 'இயற்கைக்கு உகந்தது' என்று அச்சிடக் கூடாது.

கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம்

• பரப்பு 12,500 ஹெக்டேர். ராம்சர் தகுதி: 2002 ஆகஸ்ட் 19. பாதுகாப்புச் சட்டம்: 2006.
• இதன் அருமையை உலகுக்குச் சொன்னவர் மாநில அரசின் பொறியாளரும் சூழலியலாளருமான துருவஜோதி கோஷ் (1947–2018).
• 'பேரி' எனப்படும் மீன்குளங்களில் நகரத்தின் கழிவுநீர் தேங்குகிறது. வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்கின்றன. மீனும் காய்கறியும் நகரத்துக்கே திரும்பி வருகின்றன. இயந்திரமும் மின்கட்டணமும் இல்லாத சுத்திகரிப்பு.
• 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஈரநிலத்தின் நிலப்பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. கட்டுமானத் திட்டங்களுக்கு எதிராக ஒரு பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கு அது.

கிழக்கு பைபாஸ் சாலையில் நின்று பார்த்தால் ஒருபக்கம் உயர்ந்த கட்டடங்கள், மறுபக்கம் பேரிகள். பிஆர்எஸ்ஆரின் ஆறாவது நெறியில் இதற்கென்றே ஒரு அத்தியாவசியக் குறியீடு உண்டு: தேசியப் பூங்கா, சரணாலயம், ஈரநிலம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம் போன்ற சூழல் நுட்பப் பகுதிகளிலோ அவற்றை ஒட்டியோ உங்கள் ஆலையோ அலுவலகமோ உள்ளதா, தேவையான அனுமதி பெற்றீர்களா? பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நிறுவனங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

தோல்: வேலூரும் தாங்ராவும், ஒரே ஆண்டு

1996 இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மறக்கக் கூடாத ஆண்டு. ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளை முன்வைத்து, 'முன்னெச்சரிக்கைக் கொள்கை', 'மாசுபடுத்துபவரே செலவேற்க வேண்டும்' என்ற இரண்டையும் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 19-இல் எம்.சி. மேத்தா வழக்கில் கொல்கத்தாவின் தாங்ரா, தில்ஜலா, தோப்சியா, பாகலாடாங்கா பகுதிகளில் இருந்த ஏறத்தாழ 550 தோல் பதனிடும் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டது. அப்படி உருவானதுதான் பான்தலா தோல் வளாகம்.

இந்த ஆலைகளில் பெரும்பாலானவை சிறியவை. பிஆர்எஸ்ஆர் அவற்றை நேராகக் கேட்காது. அவற்றிடம் தோல் வாங்கும் பெரிய காலணி நிறுவனமும் ஏற்றுமதி வாடிக்கையாளரும்தான் கேட்பார்கள். மதிப்புச் சங்கிலி விதி தளர்ந்தபோது பெரிய நிறுவனங்கள் நிம்மதி அடைந்தன. பாலாற்றங்கரையிலும் பான்தலாவிலும் வாழ்பவர்களுக்கு அதில் நன்மை ஏதும் இல்லை.

வெளிநாட்டு விதிகள், சுருக்கமாக

• ஜிஆர்ஐ (உலகளாவிய அறிக்கை முன்முயற்சி): 1997, பாஸ்டன்; இன்று தலைமையகம் ஆம்ஸ்டர்டாம்.
• ஐஎஃப்ஆர்எஸ் நிலைத்தன்மைத் தரங்கள் எஸ்1 (பொது), எஸ்2 (காலநிலை): 2023 ஜூன் வெளியீடு, 2024 ஜனவரி 1 முதல். முதலீட்டாளருக்கு எது முக்கியமோ அதை மட்டும் பார்ப்பவை.
• ஐரோப்பிய சிஎஸ்ஆர்டி (நிறுவன நிலைத்தன்மை அறிக்கை உத்தரவு): நிறுவனத்துக்கு உலகால் வரும் பாதிப்பு, உலகுக்கு நிறுவனத்தால் வரும் பாதிப்பு இரண்டையும் கேட்பது. 2025 பிப்ரவரியில் இதைத் தளர்த்தும் திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் முன்வைத்தது.
• ஐரோப்பிய எல்லைக் கரி வரி: 2023 அக்டோபர் முதல் அறிக்கை மட்டும், 2026 ஜனவரி முதல் முழு நடைமுறை. பொருள்கள் ஆறு: இரும்பும் எஃகும், அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன். துர்காபூர் எஃகுக்குப் பொருந்தும். டார்ஜிலிங் தேயிலைக்கும் பான்தலா தோலுக்கும் பொருந்தாது.

நிறுவனம் என்ன செய்ய வேண்டும்? (விரிவான விடைக்கு)

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிரப்பத் தொடங்குவது தவறான வழி. எக்ஸைடு போன்ற பேட்டரி நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். தலைமையகம் கொல்கத்தா, நம் ஓசூரிலும் ஆலை. அந்தத் தொழிலின் உயிர்நாடி ஈயம், ஆபத்தும் ஈயமே. பழைய பேட்டரி எத்தனை திரும்பி வந்தது, எங்கே உருக்கப்பட்டது, உருக்கியவரின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்பவைதான் அங்கே முதல் கேள்விகள். 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் (2001 விதிகளுக்கு மாற்று) உற்பத்தியாளருக்கே திரும்பப் பெறும் பொறுப்பைத் தந்துள்ளன. மென்பொருள் நிறுவனத்துக்கு முதல் கேள்வி மின்சாரமும் தரவுப் பாதுகாப்பும். தன் தொழிலில் எது உண்மையிலேயே முக்கியம் என்று முதலில் தீர்மானிப்பதே பிஆர்எஸ்ஆர் பகுதி அ கேட்கும் 'முக்கியப் பிரச்சினைகள்' பட்டியல்.

அடுத்தது எல்லை. அறிக்கை தனி நிறுவனத்துக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்தா என்று எழுதி, ஆண்டுதோறும் அதை மாற்றாமல் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொறுப்பாளர்: மீட்டர் பார்ப்பவர், டீசல் பதிவேடு எழுதுபவர், கழிவு லாரியின் ரசீது வைத்திருப்பவர். சான்று தர வருபவர் கேட்பது இந்தத் தாள்களைத்தான். அடிப்படை ஆண்டு ஒன்று வேண்டும். அது இல்லாமல் '30 சதவீதம் குறைப்போம்' என்பதற்குப் பொருள் இல்லை. எண் தவறாக இருந்தது தெரிந்தால் முந்தைய ஆண்டையும் திருத்தி வெளியிட வேண்டும். சிறு வழங்குநரிடம் நூறு கேள்விப் படிவத்தை அனுப்புவதற்குப் பதிலாக, அவர் மின்கட்டண ரசீதையும் தண்ணீர்க் கணக்கையும் பதிவு செய்யக் கற்றுக்கொடுப்பது நல்லது. நாட்டின் இலக்குகளோடு நிறுவன இலக்கை இணைத்து எழுதுங்கள்: 2030-க்குள் வெளியேற்றச் செறிவை 2005-ஐவிட 45 சதவீதம் குறைப்பது, 2070-இல் நிகர பூஜ்யம்.

இந்தக் குறிப்புகளை மூடிவைத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏதாவது ஒரு நிறுவனத்தின் அண்மை ஆண்டறிக்கையை இறக்கி, பிஆர்எஸ்ஆர் பகுதியில் ஐந்து எண்களை மட்டும் தேடி எழுதுங்கள்: வரம்பு 1, வரம்பு 2, எடுத்த தண்ணீர், பெண்களுக்குப் போன சம்பளச் சதவீதம், வழங்குநருக்குப் பணம் தர ஆகும் நாள்கள். பக்கத்தில் முந்தைய ஆண்டு எண்ணையும், சான்று அளித்தவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.